அசனப் பந்தியும் குடும்ப ஞாயிறும்: ஒரு திறனாய்வு

உள்ளூர்ச் சபையொன்றின் ஆண்டு நாட்காட்டியை எடுத்துப் பார்ப்போமாயின், திருநாட்களோடு வேறு பல நாட்களும் அதில் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். குடும்ப ஞாயிறு, குடும்ப முகாம், அறுப்பின் பண்டிகை, ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையும் அதனையொட்டிய அசனமும், டிசம்பர் மாதத்துக் கீதபவனி, ஏழைகளுக்கு அரிசியும் ஆடையும் வழங்கும் கிறிஸ்துமஸ் உதவி என இப்பட்டியல் நீளும். இறையியல் கட்டுரைகள் இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. திருவிருந்தைக் குறித்து ஆழ்ந்து ஆராயும் நாம், அசனத்தைக் குறித்துச் சமையற்காரரோடு மட்டுமே பேசுகிறோம். ஆயினும் ஒரு சபை தன் ஊரோடு எத்தகைய உறவு கொண்டுள்ளது என்பதை ஊரார் அறிவது நமது விசுவாச அறிக்கையைப் படித்து அன்று. இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்டே அறிகின்றனர். எனவே இவற்றையும் திறனாய்வுக்கு உட்படுத்துதல் தேவையாகிறது.

இக்கட்டுரையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சபைகளை மனத்திற்கொண்டு, குடும்ப ஞாயிற்றையும் அசனத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க விழைகிறோம். முன்னது அண்மைக் காலத்தது, பின்னது பழையது. சபையானது குடும்பம் என்று யாரைக் கருதுகிறதோ அக்கருத்தே அதன் சமூகத் தொண்டின் எல்லையையும் வகுத்துவிடுகிறது என்பதே நாம் சொல்ல விரும்புவது.

1. குடும்ப ஞாயிறு

குடும்ப ஞாயிறு நடைபெறும் முறையை நாம் அனைவரும் அறிவோம். அன்று குடும்பம் குடும்பமாக இருக்கைகளில் அமருமாறு அறிவிக்கப்படுகிறது. திருமண நாளைக் கொண்டாடும் தம்பதியர் முன்னே அழைக்கப்பட்டு ஆசி பெறுகின்றனர். வேதபாடத்தைக் கணவரும் மனைவியும் பிள்ளைகளும் பங்கிட்டு வாசிக்கின்றனர். நூற்று இருபத்தெட்டாம் சங்கீதமோ எபேசியர் ஐந்தாம் அதிகாரமோ பிரசங்கத்திற்குப் பொருளாகிறது. மாலையில் விளையாட்டுகளும் பரிசுகளும் உண்டு. மதுவினாலும் கடனினாலும் சிதைந்துபோகும் இல்லங்கள் பல இருக்கும் இந்நாளில், இல்லறத்தின் மேன்மையை எடுத்துரைப்பது சபையின் கடமையே. இதனை நாம் குறைத்துக் கூறவில்லை.

ஆனால் அன்று கடைசி இருக்கைகளில் அமர்ந்திருப்போர் யாவர் என்று பார்ப்போமாக. கணவனை இழந்தவர், கணவனால் கைவிடப்பட்டவர், தங்கைகளைக் கரையேற்றுவதற்காகத் தாம் மணமாகாமலே நின்றுவிட்ட மூத்த சகோதரி, பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதியர், பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கத் தனித்து வாழும் முதியோர் ஆகியோரே அவர்கள். இவர்களுள் சிலர் அந்த ஒரு ஞாயிறன்று ஆலயத்துக்கு வராமலே இருந்துவிடுவதும் உண்டு. அவர்களை ஒருவரும் விலக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் குடும்பமாக அமருங்கள் என்ற அறிவிப்பிலேயே அவர்களுக்கு இடம் இல்லாமற் போயிற்று.

வேதபாடத்தைத் தெரிந்தெடுப்பதும் ஒரு விளக்கமே. வெளியே நின்ற தாயையும் சகோதரரையும் பற்றித் தமக்கு அறிவிக்கப்பட்டபோது, தம்மைச் சுற்றி உட்கார்ந்திருந்தோரைப் பார்த்து ஆண்டவர் கூறிய மறுமொழி (மாற்கு 3:31-35) குடும்ப ஞாயிற்றில் வாசிக்கப்படக் கேட்டல் அரிது. இரத்த உறவை ஆண்டவர் அங்கே இகழவில்லை. தேவசித்தத்தைச் செய்வோர் அனைவரையும் உள்ளடக்குமாறு அதன் எல்லையை விரித்தார். நாமோ அவர் விரித்ததை ஆண்டிற்கொருமுறை சுருக்கிக் காட்டுகிறோம்.

2. முதற் பெயர்

நமது சபைகளின் வரலாறே இதற்கு மறுப்பாக நிற்கிறது. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் முதற் பெயர் குளோரிந்தா என்பதாகும். அவர் ஒரு பிராமணக் கைம்பெண். தம் இனத்தாரிடத்தில் புகலின்றி ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்தமையால், அவருக்குத் திருமுழுக்கு அளிக்கச் சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்தார். அவ்வதிகாரி இறந்த பின்னரே, 1778இல் அவர் திருமுழுக்குப் பெற்றார். அவரது முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஊரார் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே வழங்கினர். அவர் வெட்டுவித்த கிணறும் அப்பெயரைப் பெற்றது.

இவ்வம்மையாருக்கு இன்றைய குடும்ப ஞாயிற்றில் எந்த இருக்கையை அளிப்போம்? பிறந்த வீடும் புகுந்த வீடும் அவருக்கு இல்லாமற் போயின. எனினும் திருநெல்வேலித் திருச்சபை என்னும் பெருங்குடும்பத்தின் பதிவேடு அவர் பெயரோடுதான் தொடங்குகிறது. வீடற்ற ஒருவர் பிறருக்கு ஆலயத்தையும் தண்ணீரையும் வழங்கினார். குடும்பத்துக்குப் புறம்பானோர் சபையின் இரக்கத்துக்கு மட்டும் உரியவர் அல்லர், சபையைக் கட்டுவோரும் அவர்களே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. கொடுப்போரும் பெறுவோரும்

குடும்பத்தை இவ்வாறு குறுக்கிக் காணும் பார்வை நமது சமூகத் தொண்டிலும் வெளிப்படுகிறது. குடும்பம் உள்ளே இருக்கிறது. தேவையுள்ளோர் வெளியே இருக்கின்றனர். உள்ளிருப்போர் வெளியிலுள்ளோருக்குக் கொடுக்கின்றனர். கிறிஸ்துமஸ் உதவி பெரும்பாலும் இம்முறையிலேயே நடைபெறுகிறது. பெயர்ப்பட்டியல் ஒன்று தயாரிக்கப்படுகிறது. பெறுவோர் வரிசையில் நிற்கின்றனர். சேலையும் அரிசிப் பையும் வழங்கப்படும்போது நிழற்படம் எடுக்கப்படுகிறது. அந்த அரிசி பசியைத் தீர்க்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வேலையிழந்தோர் வீடுகளுக்குச் சென்ற அரிசியின் அருமையை உண்டவரே அறிவர். எனினும் அரிசிப் பையைக் கொடுத்தவர் வீட்டிலும் பெற்றவர் வீட்டிலும் அடுப்பு தனித்தனியே எரிகிறது. இருவரும் ஒன்றாய் உட்கார வேண்டிய தேவை எழுவதில்லை.

ஆண்டவர் விருந்து செய்வோருக்குக் கொடுத்த அறிவுரை (லூக்கா 14:12-14) உணவை அனுப்பிவைக்கும்படி கூறவில்லை. ஏழைகளையும் ஊனரையும் அழைக்கும்படி கூறுகிறது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தி விசாரணையில் புறக்கணிக்கப்பட்டபோது (அப். 6:1-6), அப்போஸ்தலர் அவர்களுடைய பங்கைக் கூட்டிக் கொடுத்ததோடு நிறுத்திவிடவில்லை. விசாரணைக்கு எழுவரைத் தெரிந்துகொள்ளச் செய்தனர்; அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்ட பக்கத்தாரின் கையில் பொறுப்பு வந்து சேர்ந்தது என்று இதனைக் கொள்ளுதல் தகும். நமது உதவிப் பட்டியல்களைத் தயாரிக்கும் குழுக்களில் அப்பட்டியலில் இடம்பெறுவோர் எத்தனை பேர் உள்ளனர்?

4. அசனப் பந்தி

இனி அசனத்துக்கு வருவோம். அசனம் என்னும் வடசொல்லுக்கு உணவு என்பதே பொருள். பிரதிஷ்டைப் பண்டிகையின்போதோ அறுப்பின் பண்டிகையின்போதோ ஊர் முழுமைக்கும் ஒரே இடத்தில் சோறு பொங்கிப் பரிமாறுவதே அசனம். பணமுடையோர் பணமும், நிலமுடையோர் நெல்லும், தோட்டமுடையோர் காய்கறியும் வாழையிலையும் கொடுப்பர். ஒன்றும் இல்லாதவர் விறகு பிளக்கவும் தண்ணீர் சுமக்கவும் வருவர். பிற சமயத்தவரும் நேர்ச்சையாக அரிசியோ ஆடோ கொண்டுவந்து கொடுப்பதுண்டு. முற்காலத்தில் பனையோலைப் பட்டையில் சோறிடுவர். வர இயலாத நோயாளிக்கும் முதியோருக்கும் தூக்குவாளியில் சோறு வாங்கிச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

இதன் சிறப்பு யாதெனில், எந்த அரிசி யார் கொடுத்தது என்பது உலையில் இட்ட பின்னர்த் தெரிவதில்லை. மூட்டை கொடுத்தவரும் பிடியரிசி கொடுத்தவரும் உண்பது ஒரே சோறு. கொடுத்தவர், பெற்றவர் என்ற பிரிவு அந்த உலையிலே கரைந்துபோகிறது. மணமானவரா, தனித்திருப்பவரா, கிறிஸ்தவரா, அல்லரா என்று பந்தியில் ஒருவரும் கேட்பதில்லை. குடும்ப ஞாயிற்றில் இடமின்றித் தவித்த அதே சகோதரிக்கு இங்கே இடம் தேட வேண்டியதில்லை. இலை போட்ட இடமே அவர் இடம். படித்தோர் வகுத்த நிகழ்ச்சியைக் காட்டிலும் ஊரார் காத்துவந்த வழக்கம் ஆழ்ந்த இறையியலைக் கொண்டிருக்கிறது என்று நாம் துணிந்து கூறுவோம்.

5. பந்தியில் படிந்த கறை

ஆயினும் அசனத்தைப் போற்றிப் பாடிவிட்டு நின்றுவிடுதல் நேர்மையாகாது. பந்தியே நமது திருச்சபையில் மிகப்பெரும் போராட்டம் நிகழ்ந்த இடமாகும். சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833இல் ஆயர் டேனியல் வில்சன் அறிவித்தபோது, சென்னையிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டுப் பிரிந்தனர். அமெரிக்க மதுரை மிஷன் 1847இல், சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் ஒன்றாய் அமர்ந்து உண்ணும்படி தன் ஊழியரைக் கேட்டது. உண்ண மறுத்து வேலையைத் துறந்தோர் பலர். நற்கருணையைப் பெற்றுக்கொண்டவர்கள் சாதாரணச் சோற்றுக்கு அஞ்சினர். திருவிருந்து உண்மையா என்பதைப் பந்தியே சோதித்தது.

அச்சோதனை முடிந்துவிடவில்லை. சபையும் சாதியும் ஒன்றேயாகிவிட்ட ஊர்களில், ஊர் முழுவதும் உண்கிறது என்று சொல்லும்போது எந்த ஊரைச் சொல்கிறோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரிய தெருவின் சபையும் காலனியின் சபையும் தனித்தனியே அசனம் நடத்துமாயின், அங்கே உலை ஒன்றன்று, இரண்டு. அறுப்பின் பண்டிகையின் ஏலத்திலே ஒரு தேங்காய் பல மடங்கு விலைக்குப் போகையில், காணிக்கையின் பொருள் மறைந்து ஏலம் எடுத்தவரின் பெயரே ஓங்கி நிற்கிறது. கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறிகொண்டதைக் கண்டு, அது கர்த்தருடைய இராப்போசனமே அன்று என்று பவுல் கடிந்துகொண்டார் (1 கொரி. 11:17-34). நமது பண்டிகைகளும் அக்கண்டனத்துக்கு விலக்கானவை அல்ல.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அசனத்துக்கான வரி தலைக்கட்டுக் கணக்கில் பிரிக்கப்படும் ஊர்களுள் சிலவற்றில் கைம்பெண் வீட்டுக்கு அரை வரியே விதிப்பதுண்டு. இது இரக்கத்தினால் எழுந்த ஏற்பாடு. ஆனால் அசனத்தைத் திட்டமிடும் கூட்டத்தில் அவருக்கு அரைக் குரலாவது உண்டா? பந்தியில் சமமாக உட்கார்ந்தவர், முடிவெடுக்கும் பாயில் உட்காரவே இல்லை.

6. ஒரே உலை

மதுரையில் இறையியல் ஆசிரியராக விளங்கி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு அவர்கள், கிராமிய இசையின் வழியாக முன்வைத்த ஒரே உலை என்னும் கருத்து இங்கே நமக்குப் பெரிதும் துணைசெய்கிறது. ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்போரே குடும்பம். கடவுள் அக்குடும்பத்தின் பெற்றோர். திருவிருந்து அவ்வுலையின் சோறு என்பது அவரது சிந்தனையின் சாரம். குடும்பத்தை இரத்தத்தினாலும் மணத்தினாலும் அளவிடாமல் பகிர்வினால் அளவிட்டமையே இதன் சிறப்பு. ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்விலிருந்து இது எழுந்தமையால், பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர் அடைந்த வலியை இது அறிந்திருக்கிறது.

எனினும் இக்கருத்தை ஏற்கும் நாம் ஒரு கேள்வியையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். உலையை மூட்டுவோர் யார்? ஒன்றாய் உண்ணுதல் சமத்துவத்தின் பாதி மட்டுமே. ஒன்றாய்ச் சமைத்தல், ஒன்றாய்ப் பரிமாறுதல், எதைச் சமைப்பது என்று ஒன்றாய் முடிவுசெய்தல் ஆகியவை மறுபாதி. உண்ணும்போது மட்டும் ஒன்றாகி, மற்ற வேளைகளில் பழைய வரிசையிலேயே நிற்போமாயின், ஒரே உலை ஒருநாள் விழாவாகவே முடிந்துவிடும்.

7. செய்யத்தக்கவை

குடும்ப ஞாயிற்றைக் கைவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை; அதனை அசனத்தின் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்கிறோம். அன்று வேதபாடத்தைத் தனித்து வாழும் ஒருவர் வாசிக்கட்டும். மணநாள் காண்போருக்கு ஆசி கூறும் ஆயர், தம் பெற்றோரைப் பேணுவதிலே இளமையைச் செலவிட்ட மகளையும் முன்னே அழைக்கட்டும். அசனக் குழுவிலும் உதவிக் குழுவிலும் கைம்பெண்களும் காலனி மக்களும் உறுப்பினராகட்டும். இரண்டு தெருக்களின் அரிசியும் ஓர் உலையில் வேகட்டும். ஏலத்தில் உயரும் பெயரைக் காட்டிலும் பிடியரிசிக் கலயம் மதிப்புப் பெறட்டும்.

ஒருநாட் சோற்றோடு சபையின் தொண்டு முடிந்துவிடலாகாது என்பதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. விசுவாசத்தின்பொருட்டுத் துன்புறுத்தப்பட்டோர் குடியேறுவதற்கு நிலம் வாங்கும் பொருட்டு 1830இல் இரேனியுஸ் ஐயர் காலத்தில் தரும சங்கம் ஏற்படுத்தப்பட்டது. பந்தியில் இடம் கொடுத்தல் போதாது, வாழ்வதற்கும் இடம் கொடுத்தல் வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். வீட்டுமனையின்றித் தவிப்போரும் கந்துவட்டிக்கு ஆட்பட்டோரும் நம் பந்தியில் உண்டு எழுந்து எங்கே செல்கின்றனர் என்பதையும் நாம் பின்தொடர்ந்து சென்று காண வேண்டும்.

இறையாட்சியை ஆண்டவர் விருந்துக்கு ஒப்பிட்டார். அவ்விருந்தின் சாயலை நம் மக்கள் ஆலய முற்றத்திலே, பெரிய அண்டாக்களின் அருகே, ஆண்டுதோறும் காண்கின்றனர். அச்சாயல் மங்காமற் காப்பதும், அதில் படிந்துள்ள கறையைத் துடைப்பதும் ஆயர்களுக்கும் சபையாருக்கும் இறையியல் மாணவருக்கும் உரிய பணியாகும். அடுத்த அசனத்துக்குக் கணக்குப் பார்க்க அமருங்கால், எத்தனை மூட்டை அரிசி என்று கேட்பதற்கு முன்னர், இந்தப் பாயில் யார் இன்னும் வந்து உட்காரவில்லை என்று கேட்போமாக.