ஒரே வாசகருக்கு எழுதும் மாணவர்: கற்றல் சமூகம் குறித்து ஒரு மதிப்பீடு

கல்லூரி நிலையில் தமிழ் பயிலும் மாணவர் எழுதும் கட்டுரையைப் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரே படிக்கிறார். திருத்தமும் மதிப்பெண்ணும் பெற்றவுடன் அதன் பயன் முடிந்துவிடுகிறது. இந்நிலை மாறாதவரை, 'கற்றல் சமூகம்' என்னும் கலைச்சொல்லைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதால் மட்டும் பயன் விளையாது.

சிங்கப்பூரின் வாழிடச் சூழலும் இங்கு நோக்கத்தக்கது. 1989இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, தோ பாயோ முதலிய வீடமைப்புப் பேட்டைகளில் ஒவ்வோர் இனத்தவருக்கும் விகித வரம்பு உண்டு. நல்லிணக்கத்தை நோக்கமாகக் கொண்ட இக்கொள்கையால், தமிழ் மாணவர் பலர் அண்டை வீட்டாராய் அமையும் வாய்ப்புக் குறைவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். எனவே, தமிழில் உரையாடும் சகமாணவர் வட்டம் தானாக அமையாது. கல்வி நிலையமே அதனை அமைத்துத் தரவேண்டும்.

இதற்கு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முன்னோடி முயற்சிகள் உள்ளன. 1950-51இல் 'தமிழ் நேசன்' இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' எழுத்துப் பயிற்சி அளித்தது; எனினும் தீர்ப்பு நடத்துநரிடமே இருந்தது. கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' 1950களில் நடத்திய 'மாணவர் மணிமன்றம்' மாணவர் எழுத்தை அச்சேற்றிப் பொது வாசகரைத் தேடித் தந்தது. அதே காலத்தில் கோலாலம்பூரில் பணியாற்றிய கு. அழகிரிசாமி கூட்டிய இலக்கியச் சந்திப்புகளில், எழுதுவோர் ஒருவர் படைப்பை மற்றவர் முன்னிலையில் விவாதித்தனர். கற்றல் சமூகத்தின் இயல்புக்கு இம்மூன்றாவதே மிக நெருங்கியது எனலாம்.

ஜீன் லேவும் எட்டியேன் வெங்கரும் 1991இல் வெளியிட்ட ஆய்வும் இதனை அரண்செய்கிறது. லைபீரியத் தையற்காரர் உள்ளிட்டோரை எடுத்துக்காட்டி, தொழில் பழகுவோர் சக பழகுநரிடமிருந்தே மிகுதியாகக் கற்கின்றனர் என அவர்கள் விளக்கினர்.

ஆகவே, மாணவர் எழுத்தை முதலில் சகமாணவர் இருவர் படித்து, விளங்காத இடத்தையும் உடன்படாத கருத்தையும் எழுதித் தருதல் வேண்டும். அதன்பின் திருத்திய வடிவமே ஆசிரியரிடம் வரவேண்டும். பிறர் எழுத்தைப் படித்துரைத்த உழைப்புக்கும் மதிப்பெண் வழங்கப்பெற வேண்டும். இல்லையேல் அது வெறும் பாராட்டுரையாகச் சுருங்கும். இம்முறையில் ஆசிரியரின் பணி குறைவதில்லை. பிழை திருத்துவதோடு நில்லாமல் வாசகரை உருவாக்குவதாகவும் அது விரிகிறது. வாசகர் உருவாகாத மொழியில் எழுத்தாளர் நிலைப்பதில்லை.