விருந்து, வேட்டை, நகை: ஆங்கிலேயப் பயணிகளின் இலங்கை நினைவுகள்

பிறநாடு சென்று மீண்டவர் அந்நாட்டைப் பற்றி அன்போடு எழுதப் புகும்போது பெரும்பாலும் மூன்று பொருள்களையே முதலிற் கூறுவர். உண்ட உணவு ஒன்று. ஆடிய ஆட்டம் ஒன்று. சிரித்த சிரிப்பு ஒன்று. கண்ட நகரங்களின் பெயரும் கேட்ட வரலாறும் மறந்துபோன பின்னரும் இம்மூன்றும் நினைவில் நிற்கும். ஆங்கிலேயர் உலகின் பல பாகங்களில் ஆட்சி நடத்திய காலத்தில் எழுந்த பயண நூல்களும் நினைவு நூல்களும் இவ்வின்பங்களால் நிறைந்தவை. அவுஸ்திரேலியாவைப் பற்றி அவர்கள் எழுதியவற்றிலும் இலங்கையைப் பற்றி எழுதியவற்றிலும் இவ்வியல்பைக் காணலாம். அந்நூல்கள் படிப்பதற்குச் சுவையானவை என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரு நாட்டின்மேல் வைத்த அன்பு அந்நாட்டு மக்களை அறிந்த அறிவாகுமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. மட்டக்களப்பு வாவியையும் அதனைச் சூழ்ந்த கீழ்க்கரை நாட்டையும் நடுவாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவுஸ்திரேலியாவை நோக்குதல் தகும். ஆங்கில நாவலாசிரியர் அந்தனி திரொலப் 1871ஆம், 1872ஆம் ஆண்டுகளில் அங்குப் பயணஞ்செய்து, 1873இல் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். இங்கிலாந்தின் கூலியாளன் எண்ணியும் பாராத அளவு இறைச்சியை அந்நாட்டுத் தொழிலாளி நாள்தோறும் உண்பதை அவர் வியந்தெழுதினார். அந்நாட்டார் தம்மைத் தாமே மிகைபடப் புகழ்ந்துகொள்வதை நகைச்சுவையோடு கடிந்துரைத்தார். அக்கேலி அங்குள்ளோர் பலருக்கு உவப்பளிக்கவில்லை. எனினும் விருந்தினரும் விருந்தளித்தோரும் ஒரே மொழியினர். இருவரும் எழுதப் படிக்க வல்லவர். ஒருவர் நகைத்தால் மற்றவர் அதே மொழியில் மறுமொழி கூற இயலும். ஆகவே அந்நகை இருபாலார்க்கும் பொதுவான நகையாயிற்று. அந்நிலத்தின் ஆதிக்குடிகளோ அவ்விருந்துப் பந்தியில் இடம்பெற்றாரல்லர். அவர்கள் அழிந்துபோதற்குரியவர் என்றே திரொலப் எழுதிச் சென்றார். அன்பான பயண நூலொன்றிலும் எவருக்கு இலையிடப்பட்டது, எவருக்கு இடப்படவில்லை என்று பார்க்கவேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இனி, மட்டக்களப்புக்கு வருவாம். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய சேர் யேம்ஸ் எமேர்சன் ரெனன்ற் 1848இல் இவ்விடம் வந்தார். அவரது இலங்கை வரலாற்று நூல் 1859இல் இரு பாகங்களாக வெளிவந்தது. மீன் பாடும் வாவி என்னும் புகழை ஆங்கிலம் படிப்போரிடையே பரப்பியவற்றுள் அந்நூலும் ஒன்று. நிலவெழுந்த அமைதியான இரவில் தோணியேறி வாவியின் நடுவே சென்று, நீரினடியிலிருந்து எழுந்த ஓசைகளை அவர் செவிமடுத்தார். தோணியின் பலகையிற் காதை வைத்துக் கேட்டபோது ஒலி மிகுந்ததையும் குறித்துள்ளார். ஒரே நீண்ட ஒலியன்று, பல சிற்றொலிகளின் தொகுதி என நுணுகி உரைத்தார். ஈரவிரலால் மதுக்கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலியை அதற்கு உவமையாக்கினார்.

இவ்வுவமை சிந்தித்தற்குரியது. அது பொய்யன்று, கேட்டவர் பலரும் ஒப்பும் உவமையே. ஆயினும் அது மாளிகையின் உணவு மேசையிலிருந்து எடுக்கப்பட்டது. புதிதாகக் கேட்ட ஓசையை ரெனன்ற் தமக்குப் பழகிய விருந்தைக் கொண்டு அளந்தார். அதே வாவியின் இசையைக் கேட்ட சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ்நூலில் அதனை நீரரமகளிரின் பாடலாகக் கொண்டு பண்ணாராய்ச்சியோடு இயைத்தார். காரைதீவிற் பிறந்த அப்பெரியார்க்கு வாவியின் ஒலி மதுக்கிண்ணத்தை நினைவூட்டவில்லை. மறைந்துபோன யாழை நினைவூட்டியது. ஓசை ஒன்றே, கேட்டவர் இருவர், அளவுகோலும் இரண்டு. எது மெய் என்னும் வினாவுக்கு இங்கு இடமில்லை. மட்டக்களப்பில் வாழ்வோர் தம் வாவியை எந்த அளவுகோலாற் பார்க்கப் பழகியிருக்கின்றனர் என்பதே கேட்கவேண்டிய வினா.

ரெனன்ற்றுக்கு உரிய பெருமையையும் மறைத்தலாகாது. அவ்வோசையைப் பற்றி முன்பே கேள்வியுற்றிருந்த அவர் மீனவரை அழைத்து வினவினார். ஒலியெழுப்புவது மீனன்று, ஊரி என்று அவர்கள் கூறினர். ஊரி அழும் என அவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயரையும் அவர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதிவைத்தார். ஊரிகளையும் வருவித்துப் பார்த்து, சிப்பியினத்து உயிர்களே ஒலிக்குக் காரணமாகலாம் எனக் கருதினார். அவரது நூலின் இப்பகுதி இன்றும் மதிக்கப்படுவதற்கு மதுக்கிண்ண உவமையைக் காட்டிலும் இவ்வொரு சொல்லே காரணமெனல் பொருந்தும். அங்கே நாட்டார் பேசுகின்றனர், விருந்தினர் கேட்கின்றார். ஆயினும் தோணி வலித்தவரும் ஊரி எடுத்துக் கொடுத்தவரும் பெயரின்றியே நிற்கின்றனர்.

உணவைப் பற்றிய நினைவுகளில் இக்குறை மேலும் விளக்கமாகத் தோன்றும். ஆங்கிலேயப் பயணிகள் வழியில் தங்கிய வாடிவீடுகளில் அவர்களுக்குப் பெரும்பாலும் வாய்த்தது கோழி. இந்தியாவிலோ, பயணியின் தலையைக் கண்டதும் பிடித்து அறுத்து உடனே சமைத்துப் படைக்கப்படும் கோழிக்குத் ‘திடீர் மரணம்’ என்று பெயரிட்டு அவர்கள் நகைத்தனர். 1886இல் வெளிவந்த ஹொப்சன் ஜொப்சன் என்னும் சொல்லகராதியிலும் அப்பெயர் இடம்பெற்றது. நல்ல நகைதான். ஆயின், அடுப்படியில் நின்ற சமையற்காரர் அந்நேரங்கெட்ட வருகையைக் குறித்துத் தம் வீட்டாரிடம் சொல்லிச் சிரித்திருக்கக்கூடிய நகை எந்த அகராதியிலும் ஏறவில்லை. நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களங்களுள் எள்ளலையும் தொல்காப்பியர் வைத்தார். எள்ளல் இருவழியும் ஓடுமாயின் அது நட்பு. ஒருவழியே ஓடுமாயின் அது அதிகாரம்.

இதற்கு மாறாக, விருந்தினராகவன்றிச் சிறைப்பட்டவராக இந்நாட்டில் உண்டவர் றொபேட் நொக்ஸ். 1660இல் மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு, கண்டியரசனின் நாட்டில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டு வாழ்ந்து, 1679இல் தப்பிச்சென்றவர் அவர். அவரது நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. பலாவைப் பற்றி அவர் எழுதியதை நோக்குக. பிஞ்சுக்கு ஒரு பெயர், முற்றிய காய்க்கு ஒரு பெயர், பழத்துக்கு வேறு பெயர் எனச் சிங்களமக்கள் வழங்குவதை அவர் பிரித்துரைக்கின்றார். அரிசி குறைந்த ஏழைவீட்டில் அது சோற்றுக்கு ஈடாவதையும் எடுத்துக்காட்டுகின்றார். கணவனுக்குப் பரிமாறிய பின்னரே மனைவி உண்பதையும் கண்டு எழுதியிருக்கின்றார். இத்தகைய செய்திகள் விருந்துண்டு போவோர் கண்ணிற் படுதல் அரிது. தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடனாகக் கொடுத்தும் வயிறு வளர்த்தவர்க்கு அரிசியின் விலையும் பலாவின் அருமையும் நன்கு விளங்கின. அவர் இந்நாட்டைக் கொஞ்சிப் புகழவில்லை. எனினும் புகழ்ந்தவர் பலரினும் மிகுதியாக அறிந்திருந்தார்.

வேட்டைக்கு வந்தால், சாமுவேல் பேக்கரின் பெயர் முன்னிற்கும். நுவரெலியாவிற் குடியேறி எட்டாண்டளவு இலங்கையில் வாழ்ந்த அவர், தம் வேட்டை நூலை 1854இலும், எட்டாண்டு அலைவுகள் பற்றிய நூலை 1855இலும் வெளியிட்டார். கீழ்ப்புறத்துப் புல்வெளிகளும் காடுகளும் அவருக்கு உவந்த வேட்டைக்களங்கள். பாழடைந்த குளங்களைக் கண்டு வருந்தி, பழைய நீர்ப்பாசனத்தின் சிறப்பை உணர்ந்து எழுதியவர் என்னும் பாராட்டு அவருக்கு உரியது. ஆயினும் அவர் நூலில் யானை பெரும்பாலும் குறிபார்த்தற்குரிய நெற்றியாகவே தோன்றுகின்றது. அது அக்காலத்தின் போக்கு. வட மாகாணத்தில் 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்குள் ஏறத்தாழ 3,500 யானைகள் கொல்லப்பட்டு, அவற்றுக்கு அரசினர் பரிசுப்பணம் வழங்கினரென ரெனன்ற் தாமே எழுதியுள்ளார்.

அதே யானையைக் கொல்லாது பிடிக்க வல்லவர் கீழ்க்கரையிலும் வடபாலிலும் வாழ்ந்தனர். பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம்கள் காட்டில் அடிச்சுவடு தேர்ந்து, காற்றின் திசையறிந்து அணுகி, தோற்கயிற்றுச் சுருக்கை யானையின் காலில் மாட்டி மரத்தோடு பிணிக்கும் திறமுடையவர். அத்திறத்தை ரெனன்ற் வியந்து போற்றினார். எனினும், சுட்டவர் பெயர் நூல்தோறும் விளங்க, பிடித்தவர் பெயர் இனப்பெயராகவே நின்றுவிட்டது. படுவான்கரை வேளாளனுக்கோ யானை விளையாட்டுப் பொருளன்று. விளைந்த வயலைப் பரணிலிருந்து இரவெல்லாம் காப்பவனுக்கு அது அச்சமும் இழப்பும் ஆகும், இன்றும் அங்ஙனமே. வேட்டை நூல்களைப் படிக்கும் மாணவர் அப்பரணிலிருந்தும் ஒருமுறை அக்காட்டை நோக்குதல் வேண்டும்.

ஆட்டமும் நகையும் ஒன்றுகூடிய காட்சியொன்றையும் நொக்ஸே எழுதியுள்ளார். நோய் நீங்கும்பொருட்டு, மக்கள் இருகட்சியாகப் பிரிந்து, வலிய மரத்தாலான இரு கவைக்கோல்களை ஒன்றோடொன்று மாட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பதையும், வென்றவர் ஆடிப்பாடித் தோற்றவரை இழிசொற்களால் எள்ளுவதையும் அவர் கூறுகின்றார். சிங்களத்தில் அங்கெலிய எனப்படும் இவ்விளையாட்டே மட்டக்களப்பில் கொம்புமுறி என வழங்குவது. சிங்களவர்க்குப் பத்தினித் தெய்வம், மட்டக்களப்பார்க்குக் கண்ணகியம்மன். ஊர் முழுதும் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, ஒன்று கோவலன் பக்கமும் மற்றது கண்ணகி பக்கமுமாக நின்று இழுக்கும். நொக்ஸ் அவ்வெள்ளலைக் கண்டு அருவருத்தார். அவர் சமயப்பற்று அத்தகையது. ஆனால் அருவருத்தும் அவர் எழுதினார். ஆயிரம் பறவைகளையும் விலங்குகளையும் அன்போடு விவரித்தவர் பலர், ஊரார் ஆடிய ஆட்டத்தையும் ஊரார் சிரித்த சிரிப்பையும் அவ்வளவு கூர்ந்து நோக்கினாரல்லர்.

இங்கே ஒரு தடை எழலாம். விருந்தினராக வந்தவர் தாம் கண்டதைத்தானே எழுத முடியும், நாட்டார் உள்ளத்தை அவர் எவ்வாறு அறிவார் என்று கேட்கலாம். அது நியாயமே. ஆயினும் அவ்வெல்லையைக் கடத்தல் இயலாததன்று என்பதற்கு லெனாட் வுல்வ் சான்றாவார். 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் உத்தியோகம் பார்த்த அவர், 1913இல் வெளியிட்ட ‘காட்டில் ஒரு கிராமம்’ என்னும் பொருள்படும் நாவலில், உத்தியோகத்தரை ஓரத்தில் நிறுத்திச் சேனைப்பயிர் செய்யும் குடியானவரையே நடுவில் வைத்தார். நீதிமன்றத்தில் நிற்கும் ஏழைக்கு அங்கு நடப்பது ஒன்றும் விளங்காமையை அவர் காட்டிய திறம் பெரிது. நீதிபதியின் இருக்கையில் இருந்து பழகியவர் கூண்டில் நின்றவன் பக்கமிருந்து அதனைக் கண்டார். அம்முயற்சியே அந்நூலை நினைவு நூல்களின் வரிசையினின்றும் உயர்த்தியது.

ஆகவே, இந்நூல்களை வெறுத்தொதுக்குதலும் தகாது; தெய்வவாக்காகப் போற்றுதலும் தகாது. ஊரியின் பெயரை ரெனன்ற் எழுதிவைத்தார். கவைக்கோல் இழுப்பை நொக்ஸ் எழுதிவைத்தார். அதற்கு நன்றியுடையராதல் வேண்டும். ஆயின், அவர்கள் விட்டதை நிரப்புதல் அவர்கள் கடனன்று. அக்கடனைத் தலைமேற்கொண்டோர் இந்நாட்டில் இருந்தனர். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய ஆங்கில நூலை அளித்தார். எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தை வெளியிட்டு, வழிபாடும் கூத்தும் விளையாட்டும் சொல்வழக்கும் மறையாது காத்தார்.

எஞ்சியவை இன்னும் பல. எருமைத்தயிர் உறையும் முட்டியும், வாவி இறாலும் நண்டும் சமைக்கும் பக்குவமும், வயற்களத்துக்கே உரிய சொற்களும், மகிடிக்கூத்தின் நகையும் முதியோர் நாவில் இருப்பவை. ஏட்டில் முற்றும் ஏறாதவை. வாவியின் ஓசை மதுக்கிண்ணத்தின் ஓசை போன்றது என ஒப்புவிக்கும் மாணவன், ஊரி என்பது யாதெனக் கேட்டால் விழிப்பானாயின், அது ரெனன்ற்றின் குற்றமன்று. விடுமுறையில் ஒருநாள் வாவிக்கரை மீனவரிடமும் தன் பாட்டியின் அடுப்படியிலும் கேட்டறிந்து எழுதுவானாயின், அவன் எழுதும் நான்கு பக்கம் விருந்தினர் எழுதிய பெருநூல்களின் அருகில் நாணாது நிற்கும்.