பட்டத்தைப் பார்க்கிறோம், பாரைப் பார்ப்பதில்லை

பட்டம் குத்தினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதலில் தாளைப் பார்க்காது, பட்டத்தோடு நூலைப் பிணைக்கும் முச்சையைத்தான் பார்க்கும். கைட்போர்டிங்குக்குப் பட்டம் வாங்குகிறவர்களுக்கு இது மறந்துபோகிறது. எந்தப் பாணிக்கு எந்தப் பட்டம் என்று மாதக்கணக்கில் ஆராய்வார்கள். லைன்களைப் பூட்டிக் கையில் பிடித்துப் பட்டத்தை ஓட்டும் தண்டான பாரை மட்டும் கடைக்காரர் தந்தபடி வாங்கி வருவார்கள்.

பாணிப்படி பிரிப்பது பொய்யல்ல. சி வடிவப் பட்டத்துக்கு முச்சையே கிடையாது. லைன்கள் நேரே மூலைகளில் ஏறும். இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு, அந்தரத்தில் பாரை முதுகுக்குப் பின்னால் கைமாற்றுகிற வித்தைக்காரருக்கு அதுதான் வேண்டும். துள்ளி எழுந்ததும் இழுவை ஒரு கணம் தளரும். கைமாற்றம் அந்தக் கணத்துக்குள். பழகுநருக்கோ அது ஆபத்து, பாரைத் தள்ளினாலும் இழுவை முழுதாக அடங்காது. 1984இல் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கோரிய பிரெஞ்சு லெகென்யூ சகோதரர்களுள் புரூனோ, 2005 வாக்கில் சந்தைக்கு வந்த போ கைட்டில் இந்தக் குறையைத் தீர்த்தார்: உட்குழிந்த பின்விளிம்பு, முன்விளிம்பில் முச்சை. மறுமுனையில் 2024 ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் பறந்த ஃபொயில் பட்டங்கள். மெல்லிய காற்றிலும் ஓடும்; தண்ணீர் புகுந்தால் எழுப்புவது பெரும்பாடு.

நடுவில் உள்ளவற்றில்தான் எனக்குச் சந்தேகம். அலைக்கென்று செய்த பட்டம் லைன் தளர்ந்தாலும் விழாமல் காற்றோடு போகும், நல்ல குணம்தான். ஆனால் கற்பிட்டிக் களப்பில் அலை ஏது? சோளகத்தில் அங்கே போய்வந்து ஓடுகிற எழுபது கிலோ ஆளுக்கு, 20 நொட் காற்றில் 9 சதுர மீட்டரா 12ஆ என்பதே கேள்வி. பெயர்ச்சீட்டு அதற்குப் பிறகு.

பாணி என்று நாம் சொல்வதில் பாதி பாரில் இருக்கிறது. அதே பட்டம் 24 மீட்டர் லைனில் அகன்ற வட்டம் போட்டு இழுவை கூட்டும். 20 மீட்டரில் சட்டென்று திரும்பும். சிறிய பட்டத்தை அகலமான பாரில் கட்டினால் தொட்டதற்கெல்லாம் துடிக்கும்.

என் 9 சதுர மீட்டர்ப் பட்டம் மூன்றாம் பருவத்தில் பின்பக்கமாய்ச் சரிந்து விழத் தொடங்கியது. துணி நைந்துவிட்டது என்று புதிதுக்குக் காசு சேர்த்தேன். ஒரு மாலை நான்கு லைன்களையும் தென்னையில் கொளுவி இழுத்தால், முன் லைன் இரண்டும் நாலு விரல் கூட. பாரம் சுமப்பவை அவைதாமே, இழுபட்டிருக்கின்றன. பின் லைனை அடுத்த முடிச்சுக்கு மாற்றினேன். பட்டம் பழையபடி நின்றது. செலவு ஒன்றுமில்லை, வெட்கம்தான்.

தயாரிப்பாளர்களிடமும் பிழை உண்டு. லைன் பிரியும் உயரம் ஒருவருக்கு ஒருவர் வேறு, முடிச்சும் கண்ணியும் வேறு. ஒருவரின் பாரை மற்றவரின் பட்டத்தில் பூட்டுவது சோதனைதான். ஆபத்தில் பட்டத்தை விடுவிக்கும் அவிழ்ப்புப் பொறிக்கு ஐஎஸ்ஓ தரம் வந்ததே 2020இல். அதற்கு முந்திய பார்கள் இன்னும் கைமாறுகின்றன. விற்பவர் துணியை விரித்துத் தையல் காட்டுவார். நான் பொறியைத் தள்ளிப் பார்ப்பேன். மணல் அரைபட்டுச் சிக்கினால், துணியைப் பாராமலே திரும்பிவிடுவேன்.