பச்சையில் எழுதிய பெயர்கள்

எங்கள் ஊருக்குப் போகிற பாசஞ்சர் ரயில், வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் கிராசிங்குக்காக நெடுநேரம் நிற்கும். இறங்கிக் காலாற நடக்கலாம். மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர் மூன்று மொழியில் இருக்கும். சற்றுத் தள்ளி, செம்மண் சரிவில், அதே பெயர் நாலாவது தடவையாகச் செடியில் எழுதியிருக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அளவு. சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த செங்கல். ஒருமுறை அங்கே பெரியவர் ஒருவர் குந்தி உட்கார்ந்து ஓர் எழுத்தின் வளைவை வெட்டிக்கொண்டிருந்தார். நாலு வெட்டு. எழுந்து பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி போய் ஒரே ஒரு வெட்டு. எனக்கு அப்போது பத்து வயது. எழுத்து என்றால் எழுதி முடித்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். வாராவாரம் திரும்ப எழுத வேண்டிய எழுத்தை அன்றுதான் பார்த்தேன்.

பல வருடம் கழித்து, இளைய பிளினி எழுதிய கடிதம் ஒன்றைப் படித்தபோது அந்தப் பெரியவர் வந்து நின்றார். பிளினி சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானிய வழக்கறிஞர். டஸ்கனி மலையடிவாரத்தில் இருந்த தன் வீட்டையும் தோட்டத்தையும் நண்பருக்கு அங்குலம் அங்குலமாக விவரிக்கிறார். பாக்ஸ் என்கிற பொடி இலைச் செடியை அங்கே எதிரெதிரே நிற்கும் விலங்குகளாக வெட்டியிருந்தார்கள். இன்னோர் இடத்தில் அதே செடி எழுத்துகளாக நின்றது. சில எழுத்துகள் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லும், சில எழுத்துகள் தோட்டக்காரரின் பெயரைச் சொல்லும் என்கிறார். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை அந்த வரியில் மூடி வைத்தேன். ரோமில் இந்த வேலை செய்தவர்களில் பலர் அடிமைகள். ‘டோப்பியாரியஸ்’ என்ற அவர்களுடைய தொழில்பெயர் பழைய கல்வெட்டுகளில் கிடைக்கிறது. அந்த வர்க்கத்து மனிதர் ஒருவரின் பெயர், எஜமானின் பெயர் நிற்கும் அதே தோட்டத்தில், அதே பச்சையில் நின்றிருக்கிறது. அந்தப் பெயர் என்ன என்பதைப் பிளினி எழுதாமல் விட்டுவிட்டார்.

டோப்பியரி என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. தமிழில் ‘செடிச் சிற்பம்’ என்கிறார்கள். பார்க்கிற கண்ணுக்கு அது சரி; செய்கிற கைக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம். சிற்பி உளியை வைத்துவிட்டால் கல் அப்படியே இருக்கும். செடி மறுவாரமே துளிர்க்கும். இளைய பிளினியின் தாய்மாமனான மூத்த பிளினி, அகஸ்டஸ் பேரரசரின் நண்பர் காயஸ் மாட்டியஸ் என்பவர்தான் சோலைகளைக் கத்தரிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார் என்று குறிக்கிறார். அவர் கையாளும் லத்தீன் சொல், தலைமுடி வெட்டுவதற்கும் ஆட்டு ரோமம் கத்தரிப்பதற்கும் உரிய சொல்லிலிருந்து வந்தது. இது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது! முடிதிருத்துபவரிடம் யாரும் ‘முடித்துவிட்டீர்களா’ என்று ஆயுளுக்கும் சேர்த்துக் கேட்பதில்லை.

செடி ஏன் உருவத்துக்கு இசைகிறது என்பதே ஓர் அழகான விஷயம். கிளையின் நுனி மொட்டு ஆக்சின் என்ற சுரப்பைக் கீழே அனுப்பி, பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். நுனியை வெட்டினால் அந்தக் காவல் போய்விடும். தூங்கிய மொட்டுகள் விழிக்கும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு மூன்று. அவற்றையும் வெட்டினால் இன்னும் பெருகும். இப்படித்தான் தளர்வான புதர் ஒன்று சில ஆண்டுகளில் வெல்வெட் மாதிரி இறுகுகிறது. பழ மரத்துக்குச் செய்கிற கவாத்து காய்ப்புக்காக. இங்கே கவாத்து தோலுக்காக. அதிலும் ஒரு கணக்கு உண்டு: அடி அகலமாகவும் தலை கொஞ்சம் குறுகியும் இருக்க வேண்டும். தலை அகன்றால் அடி இலைகளுக்கு வெயில் கிடைக்காமல் கீழ்ப்பக்கம் மொட்டையாகிவிடும். நம் தெருக்களில் இடுப்புக்குக் கீழே வெறும் குச்சியாக நிற்கிற வேலிகளெல்லாம் இந்தக் கணக்குத் தவறியவை.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகும் நான் ஒரு செடியைக் கெடுத்தேன். வாசலில் ஒரு துஜா வைத்திருந்தேன். மூன்று ஆண்டு வளர்ந்து நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் அதைச் சுருள் கோபுரமாக்க ஆசை வந்தது. கயிற்றை அடியிலிருந்து நுனிவரை சுற்றிக் கட்டி, கயிறு போன தடத்தில் வெட்டிக்கொண்டே போனேன். பள்ளம் ஆழமாக இருந்தால் சுருள் எடுப்பாகத் தெரியும் என்று உள்ளே உள்ளே போனேன். பச்சை முடிந்து பழுப்புக் குச்சி வந்தது. தழைத்துவிடும் என்று நம்பினேன். இரண்டு மழைக்காலம் போயும் அந்தப் பள்ளத்தில் ஓர் இலை வரவில்லை. நாற்றுப் பண்ணைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “காஞ்ச கட்டை வரைக்கும் போயிட்டீங்க சார், இனிமே அது தழையாது” என்றார். துஜா வகைக்குப் பழைய கட்டையிலிருந்து துளிர்க்கும் வலு கிடையாது. வெட்டுவதற்கு முன் அந்தச் செடியை நான் போதுமான அளவு பார்த்திருக்கவில்லை. இன்றும் அந்த மூலையைக் கடக்கும்போது மனது கொஞ்சம் கனக்கும்.

பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும் மரம் யூ. ஐரோப்பியச் செடிச் சிற்பத்துக்கு அதுதான் அரசன். மெதுவாக வளரும், நூற்றாண்டுகள் வாழும், எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் மீளும். இலை கடும் விஷம். ஆனாலும் கத்தரித்து விழுகிற அதன் தழையிலிருந்து புற்றுநோய் மருந்துக்கான மூலப்பொருள் எடுக்கிறார்கள். அதற்காகவே தோட்டம் தோட்டமாகத் தழை சேகரித்தவர்கள் பிரிட்டனில் இருந்திருக்கிறார்கள்.

யூ மரத்தின் முழு மகிமையையும் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பிரியாவில், லெவன்ஸ் ஹால் மாளிகைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். மான்செஸ்டரில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு செப்டம்பர் காலை அங்கே அழைத்துப் போகச் சொன்னேன். தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. நுழைந்ததும் எனக்குத் தோன்றியது, ஒரு பெரிய குடும்பக் கல்யாணத்தில் பாதியில் வந்து சேர்ந்துவிட்டோம் என்பதுதான். குண்டானவர், ஒல்லியானவர், தொப்பி வைத்தவர், தூங்கி வழிபவர் என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் நிற்கிறார்கள். நீதிபதியின் பொய்முடி, பெரிய குடை, சதுரங்கக் காய்கள், எலிசபெத் ராணியும் தோழிகளும் என்று பெயர்கள் வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். எதுவும் நேராக நிற்கவில்லை. அதுதான் அவற்றின் அழகு. ஒரு கோபுரம் அடுத்ததன் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்கிறது. ஒரு கிரீடத்தின் கீழே தொப்பை விழுந்திருக்கிறது.

தோட்டம் 1694இல் தொடங்கியது. ஜேம்ஸ் கிரஹாம் என்ற கர்னலுக்காக கியோம் போமோன் என்ற பிரெஞ்சுக்காரர் அமைத்தது. போமோன் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரிடம் தோட்டக்கலைஞராக இருந்தவர். 1986இல் பொறுப்புக்கு வந்த கிறிஸ் க்ரவுடரைப் பத்தாவது தலைமைத் தோட்டக்காரர் என்று கணக்குச் சொல்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பத்தே பேர். ஒவ்வொருவரும் முந்தியவர் விட்ட உருவத்தில் தன் கையைச் சேர்த்தார். ஒரு மழைக்காலத்தில் ஒரு கிளை முறியும்; அந்தப் பள்ளத்தைச் சுற்றி உருவம் புதிதாகத் திரும்பும். முதலில் போட்ட வடிவம் என்ன என்று இன்றைக்கு எந்த மரத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. பாட்டி பாட்டைப் பேத்தி பாடும்போது ராகம் மாறாமல் சங்கதி மாறுவது போலத்தான்.

அந்தப் பெரிய குடைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். இன்னும் என் கண்ணில் இருப்பது அதுதான். வெளியே கனத்த பச்சைப் பாறை. உள்ளே இலையே இல்லை. செம்பழுப்பு நிறத்தில் முறுக்கேறிய கிளைகள், கோயில் மண்டபத்துத் தூண்கள் மேலே போய்ப் பிரிவதைப் போலப் பிரிந்து, இருட்டுக்குள் மறைகின்றன. பச்சை என்பது ஒரு சாண் கனமுள்ள தோல்தான். அந்தத் தோலின் ஓட்டைகள் வழியே வெளிச்சம் புள்ளிபுள்ளியாக விழுகிறது. முந்நூறு ஆண்டுக் கத்திரி முழுவதும் இந்த ஒரு சாணில்தான் நடந்திருக்கிறது. வெளியே எங்கோ மின்சாரக் கத்திரி ஓடும் சத்தம் கேட்டது. இலையுதிர்காலத்தில் தொடங்கும் வெட்டு, குளிர்காலம் தாண்டியும் நீளுமாம்.

இந்தத் தோட்டம் தப்பியது பெரும் அதிர்ஷ்டம். 1712இல் எழுத்தாளர் ஜோசப் அடிசனும் அடுத்த ஆண்டு கவிஞர் அலெக்சாண்டர் போப்பும் வெட்டிய மரங்களைப் பத்திரிகையில் கேலி செய்தார்கள். ரசனை திரும்பியது. இயற்கைபோலத் தோன்றும் புல்வெளியும் ஏரியும் வேண்டுமென்று சீமான்கள் பழைய தோட்டங்களைக் கொத்திப் போட்டார்கள். லெவன்ஸ் கைமாறிப் போய்ச் சேர்ந்த குடும்பத்துக்கு வேறு மாளிகைகள் இருந்தன; இதைப் புதுப்பிக்க யாரும் மெனக்கெடவில்லை. போப்பின் நகைச்சுவை எனக்குப் பிடிக்கும், ஆனால் இந்த விஷயத்தில் அவர் கண் கெட்டுப்போயிருந்தது என்றே சொல்வேன். பின்னாளில் வந்த அந்த ‘இயற்கை’ ஏரிகளையும் மண்வெட்டி பிடித்த ஆட்கள்தான் வெட்டினார்கள். கத்தரித்த யூ மரமாவது தன்மேல் கைபட்டதை மறைப்பதில்லை.

உருவங்களில் எனக்கென்று ஒரு சாய்வு உண்டு. பார்த்ததும் ‘முயல்’ என்று சொல்லிவிட்டு நகர வைக்கிற உருவத்தைவிட, இன்னதென்று சொல்ல முடியாமல் நிறுத்திவைக்கிற உருவம் பெரிது. ஜப்பானில் தகாஹாஷி என்ற ஊரின் ராய்க்யூஜி கோயிலில் அசேலியாப் புதர்களைக் கடலலை அலையாக வெட்டியிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டுத் தோட்டக் கலைஞர் கோபோரி என்ஷூவின் வடிவம் என்பது மரபு. படத்தில் பார்க்கும்போதே நெஞ்சு ஏறி இறங்குகிறது. கேளிக்கைப் பூங்காக்களில் கம்பிச் சட்டத்துக்குள் பாசியை அடைத்து, மேலே கொடியைப் படரவிட்டுச் சில மாதத்தில் கரடியும் யானையும் நிறுத்துகிறார்கள். குழந்தைகள் சந்தோஷப்படுகிறார்கள், நல்லது. ஆனால் அங்கே உருவம் கம்பியில் இருக்கிறது. செடிக்கு அதில் பேச்சே இல்லை.

செடியைப் பேசவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெர்ல் ஃப்ரையர், அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் பிஷப்வில் என்ற சிற்றூர். குத்தகை விவசாயி ஒருவரின் மகன், கறுப்பினத்தவர், 1939இல் பிறந்தவர், தகர டப்பாத் தொழிற்சாலையில் வேலை. 1980களின் தொடக்கத்தில் வீடு தேடியபோது, கறுப்பர்கள் முற்றத்தைப் பராமரிக்க மாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு எழுந்தது. அவர் வேறொரு இடத்தில் வீடு கட்டினார். ஊர்த் தோட்ட மன்றம் மாதாமாதம் கொடுக்கும் ‘சிறந்த முற்றம்’ பரிசை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். தோட்டக்கலை படித்தவரில்லை. ஒரு நாற்றுப் பண்ணையில் செடியை வெட்டி உருவாக்குவது எப்படி என்று மூன்று நிமிடம் செய்து காட்டினார்கள், படிப்பு அவ்வளவுதான். அந்தப் பண்ணைக் குப்பையில் தூக்கிப்போட்ட செடிகளை எடுத்து வந்து நட்டார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்து வந்து, ஏணி மேல் ஏறி, விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவு தாண்டியும் வெட்டினார். 1985இல் பரிசு வந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் தடவை.

பரிசோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் வெட்டிக்கொண்டே போனார். மூன்று ஏக்கர், முந்நூறுக்கு மேல் செடிகள். அவருடைய வடிவங்களுக்குப் பெயர் வைக்க முடியாது. ஒரு மரம் நடுவில் வளையமாகத் திறந்து வானத்தைக் காட்டும்; இன்னொன்று தண்டைவிட்டுக் கிளம்பித் தனித்தனி மேகமாக நிற்கும். செத்துப்போகும் என்று எறிந்த செடி எந்தப் பக்கம் உயிர்பிடித்ததோ அந்தப் பக்கமே போய் உருவம் கண்டார். ‘பெர்ல் என்றொரு மனிதர்’ என்று பொருள்படும் தலைப்பில் 2006இல் ஓர் ஆவணப்படம் வந்தது. தரையில் ஆளுயரத்தைத் தாண்டும் எழுத்துகளாக அன்பு, அமைதி, நல்லெண்ணம் என்ற மூன்று சொற்களை வெட்டிப் பூச்செடி வைத்தார். பிளினியின் தோட்டத்திலும் எங்கள் ஸ்டேஷனிலும் பெயர்கள்; இங்கே, வரவேண்டாம் என்று சொன்ன அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து எழுதிய சொற்கள்.

கத்திரி கைமாறிய கதை தென் அமெரிக்காவிலும் உண்டு. எக்வடோர் நாட்டு துல்கான் நகரின் கல்லறைத் தோட்டத்தில், ஹோசே ஃபிராங்கோ என்பவர் 1936இல் சைப்ரஸ் மரங்களை வெட்டத் தொடங்கினார். வளைவுகள், முகங்கள், பறவைகள் என்று கல்லறை முழுக்கப் பச்சை நகரம் எழுந்தது. அவரையும் அங்கேயே புதைத்தார்கள். அவருக்குப் பின் பிள்ளைகள் கத்திரியைத் தொடர்ந்தார்கள்.

போன மாதம் எங்கள் நகராட்சிப் பூங்காவில் விடியற்காலையில் நடந்துகொண்டிருந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் சங்கங்குப்பியில் ஒரு யானை நிற்கிறது. வெட்டு விழும்போது அந்த இலையிலிருந்து எழும் கசப்பு வாடை தூரத்திலிருந்தே தெரியும். காக்கிச் சட்டை போட்டவர் முதுகுப் பக்கம் முடித்துவிட்டுக் கத்திரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சாறு ஒட்டிக் கத்திரியின் வாய் மழுங்கினால் இலை கிழியும், மறுநாளே ஓரம் கருகும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைப்பு.

“யானையை நீங்க வச்சதா ஐயா?” என்று கேட்டேன்.

“இல்ல சார், எனக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. அவரு வச்சது. அப்ப காது சின்னது.”

“பெருசு பண்ணது நீங்களா?”

“அது தானா அந்தப் பக்கம் போச்சு. சரின்னு விட்டுட்டேன்.”

அவர் பெயரைக் கேட்டேன், சொன்னார். முன்னவர் பெயரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, அதையும் சொன்னார். பிறகு தும்பிக்கைப் பக்கம் போனார். நுனி போன வாரத்தைவிட இரண்டு விரல் நீண்டிருந்தது.