செய்யுள் பேசும் சீமாட்டி

ஸ்பானிய மேடையின் காதல் நகைச்சுவைகளில் இருபதாம் நூற்றாண்டு நாடகங்கள் திரைக்குப் போக அதிகம் சிரமப்படவில்லை. ஹார்தியேல் பொன்செலாவின் ‘எலோயிசா வாதுமை மரத்தடியில் இருக்கிறாள்’ 1940இல் அரங்கேறியது. 1943இல் ரஃபயேல் கில் அதைப் படமாக்கிவிட்டார். மிகேல் மியூராவின் ‘மரிபெல்’ 1959இல் மேடைக்கும் 1960இல் திரைக்கும் வந்தாள். இரண்டும் உரைநடை, சிக்கல் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் பொற்கால நாடகங்கள்தாம் முரண்டுபிடித்தன. அவற்றில் வேலைக்காரன்கூடச் செய்யுளில்தான் பேசுவான்.

கால்தெரோனின் ‘பேய்ச் சீமாட்டி’ 1945இல் அர்ஜென்டினாவில் படமானது. திரைக்கதை எழுதியவர்கள் ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பின் நாடிழந்து வந்த கவிஞர் ரஃபயேல் அல்பெர்த்தியும் எழுத்தாளர் மரியா தெரெசா லியோனும். அவர்கள் மூலத்தைத் தளர்வாகத்தான் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிடியை இறுக்கியவர் பிலார் மிரோ. லோபே தே வேகாவின் ‘தோட்டக்காரனின் நாய்’ நாடகத்தை 1996இல் செய்யுளோடே படமாக்கினார். மேடையை நன்கறிந்த ரஃபயேல் பெரெஸ் சியெர்ரா வசனத்தைச் செப்பனிடுவதில் உடனிருந்தார்.

கதை நேப்பிள்ஸில் நடக்கிறது. சீமாட்டி தியானாவின் செயலாளன் தெயோதோரோ, அவளுடைய பணிப்பெண் மார்செலாவைக் காதலிக்கிறான். அது தெரிந்த கணத்தில்தான் சீமாட்டிக்கு அவன்மேல் ஆசை பிறக்கிறது. குலமோ குறுக்கே நிற்கிறது. தானும் தின்னாமல் பிறரையும் தின்னவிடாத நாய் அவள்தான். முதல் அங்கத்தின் முடிவில் தடுக்கி விழுந்து, கைகொடுக்கச் சொல்கிறாள். அவன் மரியாதையாக மேலங்கியைக் கையில் சுற்றிக்கொண்டு நீட்டுகிறான். இது என்ன நாகரிகம் என்று அவள் சீற, பூசைக்குப் போகையில் மாளிகை மேலாளர் ஒக்தாவியோ இப்படித்தானே கொடுக்கிறார் என்கிறான் அப்பாவியாக. பிறகொரு நாள் அவனை மூக்கில் ரத்தம் வர அறைகிறாள். ரத்தக்கறை படிந்த கைக்குட்டையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு, புதுக் கைக்குட்டைகளுக்கென்று 2,000 எஸ்கூதோ கொடுக்கிறாள்!

இவளை உரைநடையில் பேசவிட்டால் வெறும் அடங்காப்பிடாரிதான். 1609இல் எழுதிய நாடகக்கலைச் செய்யுளில் லோபே, காத்திருப்பவருக்குச் சானெட், கதைசொல்வதற்கு ரொமான்ஸ் என்று யாப்பைப் பங்கிட்டிருந்தார். தியானா ஆசைக்கும் மானத்துக்கும் இடையே அல்லாடும்போது 14 அடிச் சானெட் வந்துவிடுகிறது. அந்தக் கட்டுக்குள் நின்று தவிப்பதால்தான் அவளை நமக்குப் பிடித்துப்போகிறது. தியானாவாக நடித்த எம்மா சுவாரெஸ் ஓசைக்காக நிறுத்தி நிறுத்தி ஒப்பிக்கவில்லை. மூச்சு வாங்கும் இடத்தில் வாங்கி, சண்டை போடுவதுபோலவே பேசுகிறார். போர்ச்சுகல் அரண்மனைகளும் பெத்ரோ மொரேனோ வடித்த உடைகளும் கண்ணைப் பறிக்கின்றன. சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே. இயக்கம், நடிகை, தழுவல் திரைக்கதை உட்பட 7 கோயா விருதுகள் கிடைத்தன. படம் வந்த அடுத்த ஆண்டே மிரோ இறந்துவிட்டார்.

லோபேயின் இன்னொரு நாடகமான ‘அசட்டுப் பெண்’ணை மனுவேல் இபோரா 2006இல் படமாக்கினார். அதற்கு இந்த வரவேற்பு இல்லை.

மிரோவின் படத்திலும் முடிவில் லோபேயின் குறும்பு மழுங்கவில்லை. வேலைக்காரன் திரிஸ்தான், தெயோதோரோவை ஒரு கிழப் பிரபுவின் தொலைந்துபோன மகன் என்று கதைகட்டிவிடுகிறான். மாப்பிள்ளையே உண்மையை ஒப்புக்கொண்டபோதும் தியானா அசரவில்லை. ஊர் நம்பினால் போதும் அவளுக்கு. ரகசியம் வெளியே போகாமலிருக்கத் திரிஸ்தானைக் கிணற்றில் தள்ளிவிடலாமா என்றுகூட யோசிக்கிறாள்.