பேர் வைக்க 14 வருஷம்

சினிமாவுக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஒரு நத்தையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைக்கு எழுதக் கூடாதா? நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் அடுத்தவர் எழுதியதைப் படித்து எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதுதான் என் தினசரி வேலை. அந்தத் தைரியத்தில் இறங்குகிறேன்.

கட்டுரை 2015-ல் 'ஜர்னல் ஆஃப் மொலஸ்கன் ஸ்டடீஸ்' இதழில் வந்தது. எழுதியவர்கள் சோங் சென், கட்ரின் லின்ஸே, ஜோனதன் கோப்லி, அலெக்ஸ் ரோஜர்ஸ். இந்தியப் பெருங்கடலில் 2,400 மீட்டருக்கும் கீழே, வெந்நீர் ஊற்றுகளை ஒட்டி வாழும் ஒரு நத்தைக்கு முறைப்படி பெயர் வைக்கிறார்கள்: கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம். ஓட்டின் அளவு அதிகபட்சம் நாலரை சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் பாதத்தைச் சுற்றிலும் கூரைக்கு ஓடு வேய்ந்த மாதிரி செதில்கள். அந்தச் செதில்களிலும் ஓட்டின் வெளி அடுக்கிலும் இரும்பு சல்ஃபைடு. இரை தேடி அலைவதும் இல்லை. உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களே சோறு போடுகின்றன.

இதில் என்னை உறுத்தியது தேதிதான். இந்த நத்தை 2001-லேயே கைரேய் என்ற ஊற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-ல் 'சயின்ஸ்' இதழிலும் வந்துவிட்டது. உலகமே வியந்தது, படம் போட்டது. முறையான பெயர் மட்டும் இல்லை. 14 வருஷம் 'செதில் பாத நத்தை' என்ற செல்லப் பெயரிலேயே ஓடியிருக்கிறது.

பெயர் வைப்பதில் அப்படி என்ன கஷ்டம்? தெரிந்துகொள்ள நானே ஒரு சோதனை செய்தேன். வண்டியூர் கண்மாய்க் கரையில் ஒரு நத்தை ஓட்டை எடுத்து வந்து, இந்தக் கட்டுரையின் பாணியிலேயே விவரிக்க உட்கார்ந்தேன். 'பழுப்பு நிறம், உருண்டை, வலப்பக்கச் சுழற்சி' என்று மூன்று வரி எழுதியதும் மாட்டிக்கொண்டேன். நான் எழுதியது கண்மாயில் கிடக்கும் எந்த நத்தைக்கும் பொருந்தும்! அப்போதுதான் புரிந்தது: விவரிப்பது என்றால் 'இது எப்படி இருக்கிறது' என்று சொல்வது மட்டும் இல்லை, 'இது ஏன் மற்றது இல்லை' என்று நிரூபிப்பது. அதற்கு மற்றதெல்லாம் என்ன என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். போதாததுக்கு, ஹோலோடைப் என்று ஒரே ஒரு மாதிரியைத் தேர்ந்து, அந்தப் பெயருக்கு என்றென்றைக்கும் சாட்சியாக ஓர் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம். எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு இந்த ஒழுக்கம் கிடையாது.

அந்த வகையில் கட்டுரைக்கு முழு மதிப்பெண். ஆனால் பெயரில் எனக்கு ஒரு குறை உண்டு. 'கிரைசோமல்லான்' என்றால் கிரேக்கத்தில் பொன்முடி கொண்டது. இரும்பு சல்ஃபைடான பைரைட்டின் தங்க நிறத்துக்காக வைத்தது. 'ஸ்குவாமிஃபெரம்' லத்தீன், செதில் தாங்கியது. இரண்டாவது பாதி சரி. முதல் பாதிதான் இடிக்கிறது. சாலிடேர் என்ற இன்னொரு ஊற்றில் இதே இனம் இரும்பே இல்லாமல் வெள்ளையாக வாழ்கிறது. கட்டுரை வருவதற்கு மூன்று வருஷம் முன்பே, 2012-லேயே இது தெரியும். அங்கே ஊற்றுநீரில் இரும்பு குறைவு, அவ்வளவுதான். அதாவது இரும்பு அந்த ஊர்த் தண்ணீரின் குணம். நத்தையின் அடையாளம் செதில்.

சூழ்நிலையால் வந்த ஒன்றைப் பெயரில் பதித்துவிட்டால் பின்னால் வருகிறவர் குழம்புவார். இன்றைக்கும் 'இரும்புக் கவச நத்தை' என்றுதான் செய்திகள் வருகின்றன. வெள்ளை நத்தையை யாரும் நினைப்பதில்லை. பெயர் பொருந்தவில்லை என்பதற்காக அதை மாற்ற விலங்கியல் பெயரிடல் விதிகளில் இடமும் இல்லை.

சரி, ஒரு பெயருக்கு ஏன் இத்தனை அலட்டல் என்று கேட்பீர்கள். 2019-ல் ஐ.யு.சி.என். இந்த நத்தையை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகத் தன் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்கத்தால் ஆபத்து என்று பட்டியலுக்குள் வந்த முதல் உயிர் இதுதான். அப்போது அது வாழ்வதாகத் தெரிந்த ஊற்றுகள் மூன்று. அதில் இரண்டு, தாது தேடும் உரிமப் பகுதிகளுக்குள். 2021-ல் இப்படி ஊற்றுகளில் மட்டுமே வாழும் 184 மெல்லுடலி இனங்களை மதிப்பிட்டபோது 62 சதவீதம் ஆபத்தில் இருந்தன. பெயரே இல்லாத உயிரை இந்தக் கணக்கில் சேர்ப்பது அபூர்வம்.

இது எங்கேயோ நடக்கும் கதையும் இல்லை. 2016-ல் இந்திய அரசு சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது: இந்தியப் பெருங்கடல் முகடுகளில் 10,000 சதுர கிலோமீட்டரில் சல்ஃபைடு தாதுவைத் தேட. ஆட்களை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் 'மத்ஸ்யா' கலத்தை உருவாக்குவது நம்ம சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆழத்தில் பேர் வைக்கப்படாதவை இன்னும் இருக்கும். தாதுவை எண்ணுகிற வேகத்தில் அவற்றையும் எண்ணுவோமா என்பதுதான் என் கேள்வி.

சிவப்புப் பட்டியல் சட்டம் இல்லை. அதில் பேர் ஏறிவிட்டால் சுரங்கம் நின்றுவிடாது. ஆனால் 'அங்கே என்ன அழியும்?' என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல முதலில் ஒரு பேர் வேண்டும். அதனால், குறை சொன்னாலும், இந்தக் கட்டுரை எழுதப்பட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். பாதி தப்பான பேர், பேரே இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

கண்மாய் நத்தை ஓடு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதற்கு என்றைக்கோ யாரோ பேர் வைத்திருப்பார்கள். இந்த வாரம் அதைத் தேட வேண்டும்.