பழைய ஜீப்பும் ஓடிய கணக்கும்

பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க நினைக்கும் யாரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஓடியிருக்கு?" என்றுதான். ஐம்பதாயிரம் என்றால் விலை ஏறும். இரண்டு லட்சம் என்றால் வாங்க வந்தவர் பின்வாங்குவார். கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றிய ஊர்களில் மஹிந்திராவின் எம்.எம்.540, அதற்கும் முந்தைய சி.ஜே.3பி, அபூர்வமாக ஒரு மாருதி ஜிப்சி என்று கைமாறும் வண்டிகளுக்கெல்லாம் இந்த ஒரே அளவுகோல்தான். இவை இளைஞர்களின் ஆசைப்பொருளாகிவிட்ட இந்நாளில், அந்த எண்ணை நம்பிப் பணம் போடுவது சரியா என்று பார்த்தே ஆகவேண்டும்.

இந்த வட்டாரத்து விவசாயி பழைய டிராக்டர் வாங்கப் போனால் கிலோமீட்டர் கேட்பதில்லை. "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" என்று கேட்கிறார். டிராக்டர் நின்ற இடத்திலும் உழைக்கும், ஊர்ந்துபோயும் உழைக்கும், தூரம் அதன் உழைப்பைச் சொல்லாது என்பது அவருக்குத் தெரியும். அவரே ஜீப் வாங்கும்போது காருக்குரிய கேள்வியைக் கேட்கிறார். ஜீப்பும் பாதி டிராக்டர்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வில்லிஸ் நிறுவனம் அதை விவசாயிகளை நம்பித்தான் விற்றது. எஞ்சினின் பலத்தை வெளியே எடுத்து வேறு இயந்திரத்தை ஓட்டும் பி.டி.ஓ. வசதிகூட அதற்கு உண்டு. அப்படி ஓடும் மணி நேரமெல்லாம் மீட்டரில் ஏறாது.

வில்லிஸ் வழியில் வந்த மூன்று கியர் ஜீப்பில் முதல் கியர் ஏறக்குறைய 2.8 மடங்கு; டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் மேலும் 2.46 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் சுமார் 7. டாப் கியரில் தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டர் போக எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுமோ, சேற்றில் லோ முதல் கியரில் அதே தூரம் போக அதைப்போல் ஏழு மடங்கு சுற்றுகிறது. மீட்டருக்கு இரண்டும் ஒரே கிலோமீட்டர். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இடுக்கி மலைக்கு ஏலத்தோட்டக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்களை நினைத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஓடும் தூரம் குறைவு. ஏற்றத்தில், அளவுக்கு மீறிய பாரத்தோடு ஓடும் தூரம் அது.

மீட்டர் என்ற கருவியின் நம்பகமும் சொல்லும்படி இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுவந்து டேஷ்போர்டில் எண்ணை நகர்த்துகிறது. கேபிள் அறுந்தால் கணக்கு அன்றோடு நின்றுவிடும். மாற்றாமலே பத்தாண்டு ஓட்டிய வண்டிகள் எத்தனையோ. பல பழைய ஜீப்களில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். கம்பெனி கொடுத்த 6.00-16 டயரைக் கழற்றி 7.50-16 மாட்டியிருந்தால், டயர் பெரிதான அளவுக்கு, ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவாகக் காட்டும். விற்பவர் கைவைக்காமலே இத்தனை கோளாறு. கைவைத்தால் சொல்லவே வேண்டாம்.

இங்கே வண்டியைத் தின்பது தூரத்தைவிட நீர்தான். ஸ்ரீமுஷ்ணத்துக்கு வடமேற்கே விருத்தாசலம் போனால் செம்மண். தென்கிழக்கே காட்டுமன்னார்கோயில், வீராணம் பக்கம் வந்தால் களிமண்ணும் வாய்க்காலும். சாலையில் ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று வாய்க்கால் நீரில் இறங்கும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகவும் மூச்சுத்துளை வழியாகவும் நீரை உறிஞ்சிவிடும். டிஃப்ரென்ஷியல் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால், மீட்டரில் முப்பதாயிரமே இருந்தாலும் அந்த வண்டியின் பேரிங்குகளும் கிரவுன்-பினியனும் முடிந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்திலிருந்து வரும் வண்டி இன்னும் மோசம். கடற்காற்று ஒருபுறம், மீன் ஏற்றியிருந்தால் பெட்டியிலிருந்து சொட்டிய உப்புநீர் தரைத்தகட்டின் மடிப்புகளில் தங்கிப் பல ஆண்டு அரிக்கும். கடலூர் மாவட்டம் 2004 சுனாமியையும், 2011 டிசம்பர் 30இல் கரையேறிய தானே புயலையும், 2015 வெள்ளத்தையும் கண்ட மாவட்டம். அந்த நாட்களில் வண்டி எங்கே நின்றது என்று கேட்பது, எவ்வளவு ஓடியது என்று கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி. டேஷ்போர்டுக்குப் பின்னாலும் சேசிஸின் பெட்டிப் பகுதிக்குள்ளும் உலர்ந்த வண்டல் கோடு இருந்தால் பதில் கிடைத்துவிடும். கொட்டகையில் சாணி மணத்தோடு பத்தாண்டு ஓடாமல் கிடந்த வண்டியைக் "கம்மியா ஓடின வண்டி" என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். ஓடாத வண்டியில் ரப்பர் சீல் வெடிக்கிறது, பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகுகிறது, டீசல் டேங்க் உள்ளிருந்து அரிபடுகிறது.

தேய்மானத்தில் போகும் உறுப்புகள் பெரும்பாலும் மாற்றக்கூடியவை. பிஸ்டன், ரிங், லைனர், கிளட்ச், கிங்பின் பேரிங், ஜாயிண்ட் கிராஸ் எல்லாம் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். கிராங்க் கிரைண்டிங்கும் ரீபோரும் லேத் பட்டறையில் முடியும் வேலை. சேசிஸ் அப்படியல்ல. அது இற்றுப்போனால் வெல்டிங் வைத்துக் காலம் தள்ளலாமே தவிர வேறு சேசிஸ் எளிதில் மாட்ட முடியாது. பதிவில் வண்டி என்பது அந்தச் சேசிஸ் எண்தான். தகடும் ஏறத்தாழ அப்படித்தான். நல்ல டிங்கர் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலி எஞ்சின் வேலையைத் தாண்டிவிடும். பட்டி பூசி மறைத்த துருவை ஒரு காந்தத்தால் கண்டுபிடிக்கலாம். பட்டியின் மேல் காந்தம் ஒட்டாது.

இதையெல்லாம் வைத்து, புதுப்பிப்பவர்கள் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். "மீட்டரை விடுங்க, எப்படியும் பிரிச்சுக் கட்டப்போறோம்" என்கிறார்கள். ஜெர்மானியரான குந்தர் ஹோல்டோர்ஃப் ஒரே மெர்சிடஸ் ஜி-கிளாஸில் ஏறத்தாழ 9 லட்சம் கிலோமீட்டர் உலகம் சுற்றியதைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த வண்டியை ஓட்டியவரே கண்ணும் கருத்துமாகப் பராமரித்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள். பத்துப் பேர் கைமாறி, ஆயில் மாற்றியதற்கு ஒரு சீட்டுகூட இல்லாத இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேறு கதை. அங்கே எஞ்சின் மட்டும் தேய்ந்திருக்காது; கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்சில், டீசல் பம்ப், ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கும். தனித்தனியாக ஒவ்வொன்றும் சிறு செலவு. சேர்ந்தால் வண்டி விலையை விழுங்கும். மறுகட்டுமானத்தைத் தொடங்கிப் பாதியில் நிற்கும் ஜீப்களில் பெரும்பாலானவை இந்தக் கூட்டுச்செலவில் சிக்கியவை என்பது என் எண்ணம்.

வண்டி எந்தத் தலைமுறை என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். எம்.எம்.540இன் பெஜோ டீசல் எஞ்சினை ஊர் மெக்கானிக் மரத்தடியில் பிரித்துப் பூட்டிவிடுவார். 2010இல் வந்த தார் சி.ஆர்.டி.ஈ. போன்ற காமன் ரயில் எஞ்சினில் இன்ஜெக்டரும் உயர் அழுத்தப் பம்பும் தேய்ந்தால் மரத்தடியில் வேலை ஆகாது. செலவும் பல மடங்கு. அத்தகைய வண்டிக்கு ஓடிய கணக்கு நிச்சயம் முக்கியம்.

காகிதம் சரியில்லாவிட்டால் இந்த ஆராய்ச்சி எதற்கும் பயனில்லை. தனியார் வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். நான்கு சக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆனது. தயாரிப்பாளரின் அசல் வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஏலத்தில் எடுத்த துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய ஜீப் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆர்.சி.யில் உள்ள எண்ணும் சேசிஸில் அடித்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் அதை வாங்கக்கூடாது.

ஆக, பழைய டீசல் ஜீப்புக்கு மீட்டர் ஒரு துணைச்சாட்சி. முதல் சாட்சி சேசிஸ். பார்க்கப் போகும்போது ஒரு ஸ்க்ரூடிரைவரும் காந்தமும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். இரும்பு கணீரென்று ஒலித்தால் எழுந்துவந்து மற்றதைப் பேசலாம். பொத்தென்று கேட்டு மண்ணாக உதிர்ந்தால், மீட்டரில் பன்னிரண்டாயிரம் என்று இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.